கோடு கரைந்த முகம்: திருவிதாங்கூரில் எண்ணெய் வண்ண உருவப்படம் கற்ற கதை

நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் உருவப்படம் ஒன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்திற்கு உரியது. 1904-இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்னும் புகழ்பெற்ற ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் ஆக்கிய படம் அது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படத்தைப் பற்றி மாணவர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது, அவர்களுள் ஒரு மாணவி என்னிடம், “ஐயா, இப்படத்தை அவர் வரைந்தார் என்று எழுதுவதா, தீட்டினார் என்று எழுதுவதா?” என்று வினவினார். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது விடை கூறிவிட்டேன். அவ்விடை தவறு என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின. இன்றைய உரையை அம்மாணவிக்குக் காலந்தாழ்த்தித் தரும் விடையாகவே கொள்ளலாம்.

படம் ஆக்கும் தொழிலுக்குத் தமிழில் மூன்று வினைச்சொற்கள் முதன்மையானவை. பழையது ‘எழுதுதல்’. ஏட்டில் எழுத்தை எழுதினர். சுவரில் பாவையை எழுதினர். தோளில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். எழுத்தும் ஓவியமும் நம் முன்னோர்க்கு ஒரே கையின் ஒரே செயல். அடுத்தது ‘வரைதல்’. வரை என்பது கோடு, எல்லை. மூன்றாவது ‘தீட்டுதல்’. கத்தியைத் தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டுகிறோம். தேய்த்தலும் பூசுதலும் அதன் அடிப்பொருள். முதலிரண்டும் கோட்டைச் சார்ந்த சொற்கள். மூன்றாவது பரப்பைச் சார்ந்தது. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு பதினான்கு வயதுச் சிறுவனை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்த வேறுபாடு அது.

நம் ஓவிய மரபு கோட்டின் மரபு. நெடுநல்வாடையில் பிரிவால் பொலிவிழந்து கட்டிலிற் கிடக்கும் அரசி, வண்ணம் தீட்டப்படாத ஓவியத்திற்கு உவமிக்கப்படுகிறாள். வடிவக் கோடு மட்டும் இழுத்து, வண்ணம் நிரப்பாது விட்ட சித்திரம் என்று நச்சினார்க்கினியர் அதனை விளக்குகிறார். கோட்டை முதலில் இழுத்துப் பின்னர் வண்ணத்தால் நிறைத்தல் என்னும் வேலைமுறையை அவ்வுவமையே காட்டிவிடுகிறது. சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கையிலும், தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றின் சோழர் ஓவியங்களிலும் உயிர் நிற்பது கோட்டில்தான். பிற்காலத் தஞ்சாவூர்ப் படங்களிலும் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் பூசி, பொற்றகடும் மணியும் பதித்தபின் கண்ணையும் புருவத்தையும் கோட்டால் முடிப்பர். வண்ணம் கோட்டுக்குள் அடங்கி நிற்கும். வேலை முடிந்த பின்னும் கோடு மறைவதில்லை.

எண்ணெய் வண்ணத்தில் ஒரு முகத்தை உள்ளது உள்ளவாறு ஆக்குகின்றவனோ இறுதியில் கோட்டை ஒழித்துவிட வேண்டும். கன்னத்திற்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் இடையே இயற்கையில் கோடு எதுவும் இல்லை. ஒளிபட்ட தோல் முடிகிறது, நிழல்பட்ட சுவர் தொடங்குகிறது, அவ்வளவே. மூக்குக்கும் கோடில்லை, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மங்கலும் சந்திக்கும் இடத்தையே நாம் மூக்கின் தண்டு என்கிறோம். சார்ஜென்டின் சுவெட்டன்ஹாம் அணிந்திருக்கும் வெண்சீருடையை அருகில் சென்று நோக்குவோர்க்கு வெள்ளை மிகக் குறைவாகவே தென்படும். சாம்பலும் மஞ்சளும் நீலமுமான தூரிகை வீச்சுகள் பத்தடி விலகி நின்றால் வெள்ளைத் துணியாகிவிடுகின்றன.

இவ்வித்தைக்கு எண்ணெய் ஏன் வேண்டும்? ஆளிச்செடியின் நாரிலிருந்து லினன் துணி நெய்யப்படுகிறது. அதே செடியின் விதையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் எடுக்கப்படுகிறது. ஐரோப்பிய ஓவியனின் துணியும் எண்ணெயும் ஒரு செடியின் இரு கொடைகள். அவ்வெண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியை மெல்ல உண்டு, தானே இறுகித் தோலாகிறது. நம் தேங்காயெண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் அவ்வாறு இறுகாது. இறுகுவதற்கு நாட்கள் பிடிப்பதால், இன்று பூசிய வண்ணத்தை மாலையிலும், சில வேளை மறுநாளும், பக்கத்து வண்ணத்தோடு இழைத்துக் கரைக்கலாம். கன்னத்தின் வெளிச்சம் தாடையின் நிழலாக மாறும் அந்த இடைவெளியில் எத்தனை படிநிலைகள் உள்ளனவோ அத்தனையையும் ஈரத்திலேயே இணைக்கலாம். பசையில் குழைத்த வண்ணம் இத்தகைய அவகாசத்தைத் தருவதில்லை.

ஜான் வான் ஐக் என்னும் ஃபிளெமிய ஓவியரே எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் என்று வசாரி எழுதியதை நெடுங்காலம் உலகம் நம்பியது. அவர் 1433-இல் ஆக்கிய செந்தலைப்பாகை மனிதரின் படம் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. முகத்திலுள்ள முள்தாடியைக்கூட எண்ணிவிடலாம். ஆயின் அவர் அம்முறையைச் செம்மைப்படுத்தியவரே அன்றித் தொடங்கியவர் அல்லர். ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்களில், உலரும் எண்ணெய் கலந்த வண்ணம் இருப்பதை 2008-இல் ஆய்வாளர் அறிவித்தனர். புத்தர் சிலைகளைத் தகர்த்தவர்களின் கண்ணுக்குத் தப்பி எஞ்சிய துணுக்குகளிலிருந்து அவ்வுண்மை வெளிவந்தது.

எண்ணெய் வண்ணம் கடல் கடந்து பரவியதற்கு வேறொரு சிறுபொருள் காரணம். முன்னாட்களில் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பர்; துளையிட்டுப் பிதுக்கிய பின் அது விரைவில் கெட்டுவிடும். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க உருவப்பட ஓவியர் பிதுக்கத்தக்க தகரக் குழாயைக் கண்டுபிடித்து உரிமம் பெற்றார். இன்று நாம் பற்பசையைப் பிதுக்கும் குழாய் அதன் வழித்தோன்றலே. அதன்பின் இலண்டனில் அடைத்த வண்ணம் கப்பலேறித் திருவனந்தபுரத்திலும் கெடாமல் திறக்கப்படும் நிலை வந்தது. பொருள் எளிதாக வந்து சேர்ந்தது. அதனைக் கையாளும் அறிவு அவ்வாறு வரவில்லை.

திருவிதாங்கூருக்கு இப்போது வருவோம். சுவாதித் திருநாள் மன்னர் காலத்திலேயே, அதாவது 1846-க்கு முன்னரே, மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியர் அவ்வரசவையில் எண்ணெய் வண்ணத்தில் சிறந்து விளங்கினார் என்று திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது. கிளிமானூரைச் சேர்ந்த ராஜராஜ வர்மா என்னும் பெருமகனார் ஓவியத்தில் அவர்வழி வந்தவர். அந்த ராஜராஜ வர்மாவின் மருகனே 1848-இல் பிறந்த ரவிவர்மா. வீட்டுச் சுவர்களில் கரியால் கிறுக்கிய மருகனை 1862-இல் மாமன் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் விட்டார். அப்போது அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரைவழி வந்த மற்றொருவராகிய ராமசாமி நாயக்கர்.

நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தை அச்சிறுவனுக்குக் கற்பிக்க மறுத்தார் என்பது வாழ்க்கை வரலாற்று நூல்கள் தரும் செய்தி. அவற்றுள் பல நாயக்கரைப் பொறாமைக்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை. சிறுவனோ அரச குடும்பத்தோடு உறவுடைய மரபில் வந்தவன். 1866-இல் மாவேலிக்கரையில் பெண்ணெடுத்ததால் அரசியின் தங்கைக்கே கணவனானவன். நாயக்கரோ தம் தூரிகையால் ஊதியம் பெற்றவர். அவரிடம் இருந்த ஒரே சொத்து அத்தொழிலின் மறைபொருள். நிலத்தைப் பங்கிடச் சொன்னால் தயங்குகிறவனை நாம் பொறாமைக்காரன் என்பதில்லை.

மறுக்கப்பட்ட கதவு ஓரளவு பின்வழியாகத் திறந்தது. நாயக்கரின் மாணாக்கருள் ஒருவராகிய ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல், இரவில் வந்து தாம் கற்றதை ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பர். பின்னர் 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரையும் துணைவியாரையும் படமெடுக்க வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மன்னர் பொருட்டு, தாம் வேலை செய்கையில் அருகிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். ஒருவர் மறுத்தார், ஒருவர் மறைவில் கற்பித்தார், ஒருவர் வாய் திறவாமல் காட்டினார். அவ்வளவே அவர் பெற்ற கல்வி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியிருந்தார். அங்கு ரவிவர்மா பயிலவில்லை.

பார்ப்பதனால் மட்டும் ஓர் இளைஞன் அங்கு எதைக் கற்றிருக்க இயலும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதைப் பார்க்கலாம். (மலேசியத் தமிழர்க்கு ஒரு குறிப்பு: படத்துணியாகிய கித்தான் வேறு, மலாய்ச் சொல்லாகிய ‘கெத்தா’ நம் தோட்டங்களில் ‘கித்தா’ ஆனது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதிய ஒரு கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன்.) கித்தான்மேல் பசையும் வெள்ளைப் பூச்சும் ஏறுவதைப் பார்க்கலாம். டர்பன்டைனில் நீர்த்த பழுப்பு வண்ணத்தால் முகத்தின் நிழற்பகுதிகள் முதலில் குறிக்கப்படுவதையும், கண்குழியும் மூக்கின் அடியும் கழுத்தும் ஒரே இருளாகக் கிடப்பதையும், பின்னர் இடைநிலை வண்ணங்கள் அதன்மேல் பரவுவதையும், இறுதியில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஈய வெள்ளை கலந்த ஒளி தடிப்பாக வைக்கப்படுவதையும் பார்க்கலாம். ஒரு விதியைமட்டும் பார்த்து அறிய இயலாது: கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைந்தும், மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறி அமைந்தால் மேலே உள்ளது முன்னரே இறுகி, கீழே உள்ளது பின்னும் நெகிழ்ந்து, சில ஆண்டுகளில் முகம் வெடித்துப் பிளக்கும். இதைச் சொல்லால்தான் கற்பிக்க முடியும். அல்லது தன் படம் வெடித்த பின் தானே கற்கவேண்டும்.

இன்னொரு இடரும் இருந்தது. ஈய வெள்ளை, மஞ்சட்காவி, சிறிது சிந்தூரச் சிவப்பு என்பது ஐரோப்பியப் பயிற்சி நூல்களின் வழக்கமான தசைநிறக் கலவை. அது வெளிறிய முகங்களுக்காக அமைந்தது. அதனைக் கொண்டு ஒரு நாயர்ப் பெண்ணையோ தமிழ்ப் பெண்ணையோ ஆக்கினால் நோயுற்றவரே தோன்றுவார். பழுப்புத் தோலில் காவியும் சுட்ட மண்வண்ணங்களும் அடிப்படையாக வேண்டும். அதன்மேல் பட்டுத் தெறிக்கும் வானொளி சற்றே நீலங்கொள்ளும். நிழலோ கறுப்பாகாமல் செம்மை கலந்து ஆழும். இதனை எந்த ஐரோப்பிய ஓவியரும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் தம் கையைப் பார்த்தே கற்றிருக்கக்கூடும். 1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர்ப் பெண்ணின் படத்திற்கு ரவிவர்மா தங்கப் பதக்கம் பெற்றார். அப்படம் அவ்வாண்டே வியன்னாவிலும் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. சரபத் என்னும் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம், 1875-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாயிற்று.

ரவிவர்மாவின் தெய்வப் படங்களை நான் இங்குப் பேசப்போவதில்லை. 1894-இல் அவர் நிறுவிய கல்லச்சுக் கூடத்திலிருந்து அவை பல்லாயிரமாகப் பெருகின. எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்த இலக்குமியும் அவர்வழி வந்தவளே. அவர் திறனின் உரைகல் அவை அல்ல, எதிரில் அமர்ந்த மனிதர்களின் முகங்களே என்பது என் கருத்து.

மொழியியலாளனாகிய என் கவலை இனிதான் தொடங்குகிறது. ஆறுமுகம் பிள்ளையின் அந்த இரவுப் பாடங்கள் எச்சொற்களால் நடந்தன? பெயரை நோக்க அவரைத் தமிழர் என்றே கொள்ளலாம், கேட்டவர் மலையாளி. எண்ணெய் குறைத்துப் பூசு, ஓரத்தை மழுக்கு, நிழலை மெலிதாக விடு என்பவற்றை எல்லாம் ஏதோ ஒரு மொழியில், ஏதோ ஒரு தொழிற்சொல்லால் அவர் சொல்லியிருக்க வேண்டும். அழகிரி நாயுடுவிலிருந்து ஒரு தலைமுறைக்கு மேலாக மதுரை ஓவியர்கள் புழங்கிய சொற்கள் அவை. ஒன்றுகூட நம் அகராதிகளில் ஏறவில்லை. மறைவில் வாயிலிருந்து செவிக்குச் சென்ற தொழில், ஏட்டுக்கு வரவில்லை. ரவிவர்மாவின் இளவலும் தொழில்துணையுமான சி. ராஜராஜ வர்மா 1895 முதல் 1904 வரை நாட்குறிப்பு எழுதினார். ஓவியக்கூடத்தின் அன்றாடத்தைக் காட்டும் அரிய ஆவணம் அது. அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதினார்.

கோடு சார்ந்த பழைய தொழிலுக்கோ நம்மிடம் சொல்வளம் இருந்தது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. காண்போர் கண்ணுக்குள்ளேயே தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு உரை வகுத்தனர். மணிமேகலை ஓவிய நூல் ஒன்றைச் சுட்டுகிறது. வட்டிகை, துகிலிகை என்று தூரிகைக்குப் பெயர்கள் இருந்தன. எண்ணெய் வண்ணம் வந்தபின் நாம் கடன் வாங்கத் தொடங்கினோம். பேலட், கேன்வாஸ், ஈசல். இந்த ஈசல் படுத்தும் பாடு தனி. டச்சுக்காரர் படத்தைச் சுமக்கும் தாங்கியைக் கழுதை என்று பொருள்படும் தம் சொல்லால் அழைத்தனர். ஆங்கிலேயர் அதனைக் கடன்கொண்டனர். நாம் அதை ஆங்கிலேயரிடமிருந்து பெற்று, மழைக்குப் பறக்கும் பூச்சியாக்கிவிட்டோம்.

ஒப்புமையைக் குறிக்கும் சொற்களில் மட்டும் தமிழ் வறியதாகவில்லை. ‘தத்ரூபம்’ என்கிறோம், அது வடசொல், ‘அதுவே வடிவம்’ என்பது அதன் நேர்ப்பொருள். பிள்ளையைப் பார்த்து ‘அப்பனை உரித்து வைத்தாற்போல்’ என்கிறோம். இவற்றினும் நுட்பமானது ‘சாயல்’. தொல்காப்பிய உரியியல் அதற்கு மென்மை என்று பொருள் கூறும். பின்னர் அது ஒருவர் தோற்றத்தில் மற்றவர் தெரிதலுக்கு ஆயிற்று. நீலச்சாயல் என்பதுபோல் மெல்லிய நிறத்தோய்வுக்கும் ஆயிற்று. மென்மை, ஒப்புமை, நிறத்தோய்வு என மூன்றையும் ஒரு சொல் ஏந்துகிறது. எண்ணெய் வண்ண உருவப்படத்தில் ஓவியன் தேடுவதும் அம்மூன்றையே. தத்ரூபமாக இருந்தும் சாயல் இல்லாத படங்கள் அலுவலகச் சுவர்களில் நிறையத் தொங்குகின்றன. பொத்தானும் பதக்கமும் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் இக்கலை ஓவியப்பள்ளிக்கு வெளியேயும் பரவியது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரை எழுதும் தொழில்வழி கோவில்பட்டியை அடைந்து, அங்கேயே தங்கி மாணாக்கரை உருவாக்கினார். அவர்களின் நாட்காட்டிப் படங்கள் சிவகாசியில் அச்சேறி வீடுதோறும் சென்றன. நாடகத் திரையை ‘எழுதினார்’ என்றே அக்காலத்தோர் கூறினர் என்பதை மாணவர் குறித்துக்கொள்ளலாம். பழைய வினைச்சொல் ஏடுகளில் மறைந்தபின்னும் பட்டறையில் உயிரோடு இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் தமிழ் ஓவியர் ஒருவர் நடத்தும் மாலை வகுப்பில், எழுதுகோலும் குறிப்பேடுமாக ஓரத்தில் அமர்ந்திருந்தேன். மாணவர் எண்மர்; எதிரே நாற்காலியில் ஒரு முதியவர், சன்னலொளி ஒரு பக்கமாக விழும்படி அமர்த்தப்பட்டிருந்தார். ஓவியர் பேசியதில் பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய். ஆயினும் ஒரு மாணவன் காதின் ஓரத்தைக் கருங்கோட்டால் அழுத்தி வரைந்தபோது அவர் அருகில் சென்று, “கோட்டை நம்பாதே தம்பி, ஓரத்தை உருக்கு” என்றார். உலர்ந்த தூரிகையால் அந்த ஈரக் கோட்டை மெல்ல வருடிக் காட்டினார். காது தலைமுடியின் நிழலுக்குள் பின்வாங்கிச் சென்று அமர்ந்தது. கீழ்ப்பூச்சை அவர் ‘வறட்டுப் பூச்சு’ என்றார். மேற்பூச்சை ‘நெய்ப் பூச்சு’ என்றார். இச்சொற்களை யாரிடம் கற்றீர்கள் என்று வினவினேன். தம் ஆசிரியரிடம் என்றார். அவர் யாரிடம் கற்றார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அன்று மாலை என் குறிப்பேட்டில் பதினொரு சொற்கள் ஏறின. சுவெட்டன்ஹாம் படத்தைக் குறித்து வினவிய மாணவி இன்று ஓர் ஆசிரியை; அவருக்கு அப்பட்டியலை அனுப்பி, சார்ஜென்ட் அப்படத்தை வரையவில்லை, தீட்டினார் என்றும் எழுதினேன்.